மீனோட காதுக்குள்ள ஒரு 'டைரி'... ஆத்துல வளர்ந்துச்சா, கடல்ல வளர்ந்துச்சான்னு ஒரு குட்டிக் கல் சொல்லிடுமா?

2025 ஜனவரி. லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீயில் வீடுகள் எரிந்துகொண்டிருந்த நேரம். அப்போது அதிபராகத் தேர்வாகி, பதவியேற்கக் காத்திருந்த டொனால்ட் டிரம்ப் ஒரு மீன் மீது பாய்ந்தார். பிரயோஜனமே இல்லாத ஒரு மீனைக் காப்பாற்றுவதற்காக கலிபோர்னியா ஆளுநர் தண்ணீரைத் தடுத்துவிட்டார் என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு.

அந்த மீனின் பெயர் டெல்டா ஸ்மெல்ட். நீளம் வெறும் 5 முதல் 7 சென்டிமீட்டர். ஆயுள் பெரும்பாலும் ஒரே ஒரு வருடம். கையில் எடுத்தால் வெள்ளரிக்காய் வாசம் அடிக்கும். நம்ம ஊர் நெத்திலி சைஸில் இருக்கும் இந்த மீனால்தான் கலிபோர்னியாவில் பல வருஷமா நீதிமன்றப் படிகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன.

தீயை அணைக்கத் தண்ணீர் இல்லாமல் போனதற்கும் இந்த மீனுக்கும் தொடர்பில்லை என்று தண்ணீர்த் துறை வல்லுநர்கள் உடனே விளக்கம் கொடுத்தார்கள். தென் கலிபோர்னியாவின் பெரிய நீர்த்தேக்கங்களில் அப்போது வழக்கத்தை விட அதிகமாகவே தண்ணீர் இருந்தது. ஒரே நேரத்தில் எல்லாக் குழாய்களையும் திறந்ததால், மலைப்பகுதியில் இருந்த உள்ளூர்த் தொட்டிகள் காலியானதுதான் பிரச்னை.

ஆனால் இந்தச் சண்டைக்கு நடுவில் உண்மையான ஒரு கேள்வி இருக்கிறது. ஆறும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தில் வாழும் ஒரு மீனைக் காப்பாற்ற வேண்டுமென்றால், எந்த இடத்தைக் காப்பாற்றுவது? அது எங்கே பிறந்து, எங்கே வளர்ந்து, எங்கே போய்விட்டு வந்தது என்று யாரைக் கேட்பது?

மீனையே கேட்கலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். பதில் அதன் காதுக்குள் இருக்கிறது.

மீனுக்குக் காது இருக்கா?

இருக்கு. வெளியே தெரியாது, அவ்வளவுதான். மண்டையோட்டுக்குள் மூளைக்குப் பக்கத்தில் உள்காது இருக்கிறது. அதற்குள் சின்னச் சின்னக் கற்கள் இருக்கும். மொத்தம் மூன்று ஜோடி. மீன் நிமிர்ந்து நீந்துகிறதா, சாய்ந்திருக்கிறதா, சத்தம் வருகிறதா என்பதை உணர்வதற்கு இந்தக் கற்கள்தான் உதவுகின்றன. செவிக்கல் என்று இதைச் சொல்லலாம். பேச்சு வழக்கில் 'காது எலும்பு' என்பார்கள். ஆனால் உண்மையில் இது எலும்பு கிடையாது.

கத்தாழை மீன் வாங்கிச் சுத்தம் செய்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. தலையை உடைத்தால் வெள்ளையாக இரண்டு கல் வருமே, அதேதான். கத்தாழைக் குடும்பத்து மீன்களில் அந்தக் கல் பெரிதாகவே இருக்கும். டெல்டா ஸ்மெல்ட் மாதிரி குட்டி மீனில் கிட்டத்தட்ட கடுகு அளவுதான்.

அந்தக் கல்லில் அப்படி என்ன ஸ்பெஷல்?

இந்தக் கல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. சிப்பி, முத்து எல்லாம் எதனால் ஆனதோ அதே பொருள். மீன் முட்டைக்குள் கருவாக இருக்கும்போதே இது உருவாகத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு தினம் ஒரு மெல்லிய அடுக்கு மேலே படியும். மரத்தை அறுத்தால் உள்ளே வளையம் வளையமாகத் தெரிவது போல, செவிக்கல்லை வெட்டிப் பார்த்தாலும் வளையங்கள் தெரியும்.

வருட வளையங்களை எண்ணி மீனின் வயதைச் சொல்லலாம் என்று 1899-லேயே ஜெர்மனியின் ஜோஹன்னஸ் ரைபிஷ் காட்டிவிட்டார். வருடம் மட்டுமில்லை, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வளையம் இருக்கிறது என்று 1971-ல் ஜார்ஜியோ பன்னெல்லா 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அதாவது ஒரு மீன் குஞ்சுக்கு எத்தனை நாள் வயது என்றே எண்ணிவிடலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். எலும்பிலும் செதிலிலும் இருக்கும் கால்சியத்தை, பசி நேரத்தில் மீனின் உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. செவிக்கல்லில் அது நடக்காது. ஒருமுறை படிந்தது படிந்ததுதான். எழுதியதை அழிக்க முடியாத டைரி மாதிரி. நடுவில் இருப்பது பிறந்த நாள், வெளி விளிம்பில் இருப்பது பிடிபட்ட நாள்.

சரி, அது இருந்த இடம் எப்படித் தெரியும்?

இங்கேதான் பள்ளிக்கூட வேதியியல் வருகிறது. தனிம அட்டவணையில் கால்சியத்துக்கு நேர் கீழே ஸ்ட்ரான்ஷியம், அதற்குக் கீழே பேரியம். மூன்றும் ஒரே குடும்பம், குணத்திலும் ஒற்றுமை உண்டு. அதனால் கல்லில் கால்சியம் உட்கார வேண்டிய இடத்தில் அவ்வப்போது ஸ்ட்ரான்ஷியமும் பேரியமும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எவ்வளவு போய் உட்காரும் என்பது பெரும்பாலும் சுற்றியுள்ள தண்ணீரைப் பொறுத்தது. கடல் நீரில் ஸ்ட்ரான்ஷியம் அதிகம், ஒரு லிட்டரில் சுமார் 8 மில்லிகிராம். ஆற்று நீரில் பெரும்பாலும் இதில் ஒரு சின்னப் பங்குதான் இருக்கும். பேரியம் இதற்கு நேர் எதிர். ஆற்றுப் பக்கம் அதிகம், கடலில் குறைவு.

ஆக, கல்லின் நடுவிலிருந்து விளிம்பு வரை இந்தத் தனிமங்களை அளந்துகொண்டே போனால், மீன் எந்த வயதில் நல்ல தண்ணீரில் இருந்தது, எந்த வயதில் உப்புத் தண்ணீருக்குப் போனது என்று ஒரு கிராஃப் கிடைத்துவிடும்.

'கைரேகை' எங்கே வருது?

இன்னும் துல்லியமாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஸ்ட்ரான்ஷியத்தில் 87, 86 என்று எடை கொஞ்சம் மாறுபட்ட அணுக்கள் உண்டு. இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் ஆறு ஓடிவரும் பாறையைப் பொறுத்து மாறும். பழைய கிரானைட் பாறை வழியாக வரும் ஆற்றில் பொதுவாக ஒரு மாதிரி, இளம் எரிமலைப் பாறை வழியாக வரும் ஆற்றில் வேறு மாதிரி. கடலில் மட்டும் உலகம் முழுக்க ஒரே விகிதம், சுமார் 0.7092.

சிம்பிளா சொல்லணும்னா, ஒவ்வொரு ஆற்றுத் தண்ணீருக்கும் ஒரு கைரேகை இருக்கிறது. மீன் அந்தத் தண்ணீரில் வாழும்போது, அந்தக் கைரேகை அதன் காதுக்கல்லில் பதிந்துவிடுகிறது. வெயில் கூடினாலும் மீன் வேகமாக வளர்ந்தாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது என்பது கூடுதல் பலம்.

ஆய்வகத்தில் என்ன செய்வார்கள்?

முதலில் மீனின் தலையிலிருந்து கல்லை எடுப்பார்கள். அதைப் பசை போன்ற ரெசினில் பதித்து, நடுப்புள்ளி தெரியும் வரை மெதுவாகத் தேய்ப்பார்கள். கடுகு சைஸ் கல் என்பதால், கொஞ்சம் அதிகம் தேய்த்தாலும் பிறந்த நாள் காணாமல் போய்விடும்.

பிறகு ஒரு லேசர் கற்றை நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் கோடு போடுவது போல நகரும். லேசர் பட்ட இடத்தில் கிளம்பும் நுண்ணிய தூசியை நிறமாலைமானி என்ற கருவி உறிஞ்சி, அதில் எந்த அணு எவ்வளவு என்று எண்ணும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நாள் வளையங்களையும் எண்ணினால், 'இத்தனையாவது நாளில் இந்தத் தண்ணீரில் இருந்தது' என்று சொல்லிவிடலாம்.

இதற்கு முன்பே இன்னொரு வேலை முடிந்திருக்க வேண்டும். ஆற்றின் பல இடங்களில் தண்ணீர் எடுத்து, எங்கே என்ன விகிதம் என்று ஒரு வரைபடம் தயாராக இருக்க வேண்டும். கைரேகை கிடைத்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க ஆவணம் இல்லை என்றால் போலீஸ் என்ன செய்யும்? அதே கதைதான் இங்கேயும்.

கலிபோர்னியாவில் ஏன் இது இவ்வளவு பெரிய விஷயம்?

வடக்கிலிருந்து சேக்ரமெண்டோ ஆறும், தெற்கிலிருந்து சான் வாகீன் ஆறும் வந்து சேரும் இடம்தான் டெல்டா. அங்கிருந்து தண்ணீர் மேற்கே போய், சான் பிரான்சிஸ்கோ விரிகுடா வழியாகக் கடலில் கலக்கிறது. டெல்டா ஸ்மெல்ட் உலகத்தில் வேறு எங்கேயும் இயற்கையாகக் கிடையாது. இந்த ஒரு முகத்துவாரம்தான் அதன் மொத்த உலகம்.

இதே டெல்டாவின் தெற்கு முனையில்தான் ராட்சத பம்புகள் இருக்கின்றன. இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கும், பாதாமும் தக்காளியும் விளையும் பெரும் விவசாய நிலங்களுக்கும் போகும் தண்ணீர் இந்த அமைப்பைச் சார்ந்திருக்கிறது. பம்புகள் வேகமாக இழுக்கும்போது, பக்கத்துக் கால்வாய்களில் தண்ணீர் கடலை நோக்கிப் போகாமல் பம்பை நோக்கித் திரும்பி ஓடும். மீனும் கூடவே போகும்.

1993-ல் அமெரிக்க அரசு டெல்டா ஸ்மெல்ட்டைப் பாதுகாக்க வேண்டிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அன்றிலிருந்து, மீன் பக்கத்தில் வந்தால் பம்பின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் வந்தன. விவசாயிகளுக்கு அது வயிற்றில் அடிக்கும் விஷயம். வறட்சி வருடத்தில் நிலம் காயும்போது 'எங்க தண்ணிய மீனுக்குக் கொடுக்கிறாங்க' என்று அவர்கள் கோபப்படுவதைப் புரிந்துகொள்ள முடியும்.

ஆனால் பம்பு மட்டும்தான் வில்லன் என்றும் சொல்ல முடியாது. 1986-ல் அங்கே முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஓர் ஆசிய மட்டி இனம், ஸ்மெல்ட்டுக்கு அடிப்படையான மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்றுவிட்டது. வெப்பம், வறட்சி, பூச்சிக்கொல்லி எல்லாம் சேர்ந்துகொண்டன. 1967-லிருந்து நடக்கும் இலையுதிர்கால வலைக் கணக்கெடுப்பில், 2018 முதல் பல வருடங்கள் தொடர்ந்து கிடைத்த டெல்டா ஸ்மெல்ட்டின் எண்ணிக்கை பூஜ்ஜியம்.

காதுக்கல் சொன்ன ரகசியம் என்ன?

டெல்டா ஸ்மெல்ட்டின் வாழ்க்கையைப் பற்றி ரொம்ப காலமாக ஒரே கதைதான் இருந்தது. வசந்த காலத்தில் நல்ல தண்ணீரில் பொரிக்கும், கோடையில் கீழே இறங்கி லேசான உப்புத் தண்ணீரில் வளரும், குளிர்காலத்தில் மேலே ஏறி வந்து முட்டை போடும், இறந்துவிடும். அவ்வளவுதான்.

இந்தக் கதையை வைத்துத்தான் விதிகளும் வந்தன. அதில் ஒன்று 'எக்ஸ்2'. ஆற்றின் அடியில் ஆயிரம் பங்கு தண்ணீருக்கு 2 பங்கு உப்பு இருக்கும் இடம், கடல் வாயிலான கோல்டன் கேட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற கணக்கு அது. ஆற்று நீரை அதிகம் விட்டால் அந்த இடம் கடல் பக்கம் நகரும். குறைத்தால் உப்பு உள்ளே ஏறும். ஸ்மெல்ட் அந்த லேசான உப்புப் பகுதியில்தான் வளர்கிறது என்றால், அந்தப் பகுதி எங்கே நிற்கிறது என்பதே அதன் தலைவிதி.

2019-ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்த ஆய்வு இந்தக் கதையைக் கொஞ்சம் மாற்றியது. டெல்டா ஸ்மெல்ட்டின் செவிக்கற்களை லேசரில் படித்தபோது, ஒன்றல்ல, மூன்று வகை வாழ்க்கை தெரிந்தது.

முதல் வகை, பழைய கதையில் வரும் இடம்பெயரும் மீன்கள். பெரும்பான்மை இவைதான். ஆனால் இவற்றுக்குள்ளும் எல்லாம் ஒரே வயதில் கிளம்பவில்லை. சில சீக்கிரம் இறங்கின, சில தாமதமாக. இரண்டாவது வகை, வாழ்நாள் முழுக்க நல்ல தண்ணீரை விட்டு நகராதவை. மூன்றாவது வகை, ஆரம்பத்திலிருந்தே உவர்நீரிலேயே இருந்தவை.

இதனால் என்ன மாற்றம்?

ஒரு குடும்பத்தில் ஒருத்தர் விவசாயம், ஒருத்தர் கடை, ஒருத்தர் வெளியூர் வேலை என்று இருந்தால், ஒரு வருடம் மழை பொய்த்தாலும் வீட்டில் அடுப்பு எரியும். எல்லாருமே ஒரே தொழில் என்றால், ஒரு அடியில் மொத்தமும் சரிந்துவிடும். மீன் இனத்துக்கும் அப்படித்தான்.

உப்பு உள்ளே ஏறும் வருடத்தில் இறங்கிப்போன மீன்கள் சிக்கலில் மாட்டினால், மேலே நல்ல தண்ணீரில் இருப்பவை இனத்தைக் காப்பாற்றலாம். அனல் அடிக்கும் கோடையில் மேலே தண்ணீர் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அங்கே இருப்பவை தாக்குப்பிடிப்பது கஷ்டம், அப்போது கீழே இருப்பவை கைகொடுக்கலாம். அதனால் 'இந்த ஒரு பகுதியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்' என்ற அணுகுமுறை ஆபத்தானது. சிறுபான்மையாக இருக்கும் வகை, மோசமான ஒரு வருடத்தில் கடைசிப் பிடிமானமாக மாறலாம்.

இதே சேக்ரமெண்டோ ஆற்றில் இன்னொரு உதாரணம் உண்டு. அங்கே குளிர்காலத்தில் ஏறிவரும் சினூக் வகை சால்மன், அழிவின் விளிம்பில் இருக்கும் மீன். குஞ்சுகள் பெரும்பாலும் பிறந்த ஆற்றிலேயே வளர்கின்றன என்றுதான் நினைத்திருந்தார்கள். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், கடலுக்குப் போய் உயிரோடு திரும்பி வந்த பெரிய மீன்களின் செவிக்கல்லைப் பார்த்தார்கள். அவற்றில் 44 முதல் 65 சதவீதம், குஞ்சாக இருந்தபோது பக்கத்துக் கிளையாறுகளிலும் டெல்டாவிலும் வளர்ந்தவை என்று தெரிந்தது. அந்த இடங்களில் பலவும் பாதுகாக்கப்பட வேண்டிய வாழிடப் பட்டியலிலேயே இல்லை.

வலை போட்டு எண்ணினால் 'குஞ்சு எங்கே இருக்கிறது' என்று மட்டும்தான் தெரியும். திரும்பி வந்த மீனின் காதுக்கல்தான் 'எங்கே வளர்ந்த குஞ்சு பிழைத்தது' என்று சொல்லும். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

வேறு நாடுகளிலும் பயன்படுத்துகிறார்களா?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வீக்ஃபிஷ் என்று ஒரு மீன் உண்டு. நம்ம கத்தாழையின் சொந்தக்காரன். கடலில் சுற்றும் இந்த மீன்கள் எல்லாம் ஒரே கூட்டம் என்று கருதப்பட்டது. 2001-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, ஜார்ஜியா முதல் நியூயார்க் வரை ஐந்து இடங்களில் முட்டையிட வந்த மீன்களின் செவிக்கல் நடுப்பகுதியைப் படித்தது. 60 முதல் 81 சதவீத மீன்கள், தாங்கள் பிறந்த அதே முகத்துவாரத்துக்கே திரும்பி வந்திருந்தன. அப்படின்னா, ஒரு முகத்துவாரத்தை நாசம் செய்துவிட்டு, 'பக்கத்திலிருந்து மீன் வந்து நிரப்பிடும்' என்று சும்மா இருக்க முடியாது.

ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி மீது இந்த ஆய்வு நிறைய நடக்கிறது. பாரமுண்டி என்றால் வேறொன்றுமில்லை, தமிழ்நாட்டு மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் கொடுவா. இது முகத்துவாரத்தில் பொரித்து, குஞ்சாக ஆற்றில் ஏறி வளர்ந்து, முட்டையிட மீண்டும் உப்புத் தண்ணீருக்கு இறங்கும் மீன். ஆனால் எல்லாக் கொடுவாவும் ஆற்றுக்குள் போவதில்லை, சில வாழ்நாள் முழுக்க உப்புத் தண்ணீரிலேயே இருந்துவிடுகின்றன என்பதைச் செவிக்கல் காட்டிக்கொடுத்தது. ஆற்றின் குறுக்கே தடுப்பு கட்டினால் எந்தக் கொடுவாவுக்குப் பாதிப்பு என்று கணக்குப் போட இந்தத் தகவல் தேவை.

குறையே இல்லையா?

இருக்கு. முதல் குறை, கல்லை எடுக்க மீன் உயிரோடு இருக்கக் கூடாது. அழிந்துகொண்டிருக்கும் இனத்தில் இது பெரிய சங்கடம். அதனால் கணக்கெடுப்பு வலையில் ஏற்கெனவே சிக்கி, சேமித்து வைக்கப்பட்ட மீன்கள் பொக்கிஷம் மாதிரி.

இரண்டாவது, கடலின் கைரேகை ரொம்ப 'சத்தமாக' இருக்கும். கடல் நீரில் ஸ்ட்ரான்ஷியம் அதிகம் என்பதால், கொஞ்சம் கலந்தாலே ஆற்றின் அடையாளத்தை மூழ்கடித்துவிடும். லேசான உப்புப் பகுதிக்குள் நடக்கும் மாற்றத்தை நன்றாகப் பிரித்துச் சொல்லும் இந்த முறை, பாதி உப்பா முக்கால் உப்பா என்று கேட்டால் தடுமாறும்.

மூன்றாவது, லேசர் புள்ளி ஒரே ஒரு நாளைத் தனியாக எடுக்காது, பக்கத்துச் சில நாட்களும் சேர்ந்து வரும். மீன் இரண்டு நாள் கடலுக்குப் போய்த் திரும்பியிருந்தால் தவறிப்போகலாம்.

நான்காவது, கல்லின் நடுப்புள்ளியில் இருப்பது குஞ்சு இருந்த தண்ணீர் மட்டுமில்லை, தாயின் தண்ணீரும்தான். தாய் சால்மன் கடலில் சாப்பிட்டு முட்டை கட்டியிருந்தால், ஆற்றில் பிறந்த குஞ்சின் நடுக்கல்லில்கூட கடல் வாசம் இருக்கும். அதனால் தொடக்கப் பகுதியைக் கவனமாக ஒதுக்கிவிட்டுத்தான் படிக்க வேண்டும்.

இப்போது டெல்டா ஸ்மெல்ட்டின் நிலை என்ன?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் நடத்தும் வளர்ப்பு மையத்தில் இந்த மீனின் தலைமுறைகள் பாதுகாக்கப்படுகின்றன. 2021 டிசம்பரில் முதன்முறையாக ஆயிரக்கணக்கான வளர்ப்பு மீன்களை அடையாளமிட்டு, சோதனை முயற்சியாக ஆற்றில் விட்டார்கள். அதற்குப் பிறகும் குளிர்காலங்களில் இந்த வேலை நடந்தது.

எந்த இடத்தில், எந்த மாதத்தில், எத்தனை உப்புள்ள தண்ணீரில் விட்டால் பிழைக்கும் என்பதுதான் இப்போதைய கேள்வி. முன்னால் வாழ்ந்து மடிந்த மீன்களின் காதுக்கற்கள் அதற்குக் கொஞ்சம் வழி காட்டுகின்றன. நல்ல தண்ணீர், உவர்நீர், இரண்டுக்கும் நடுவே போய்வரும் பாதை என மூன்றுமே இந்த மீனுக்கு வீடாக இருந்திருக்கின்றன.

பம்பை எப்போது ஓட்டுவது, எப்போது குறைப்பது என்று முடிவெடுப்பது அரசும் நீதிமன்றமும்தான். விவசாயிக்கும் தண்ணீர் வேண்டும், நகரத்துக்கும் வேண்டும், மீனுக்கும் வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதை எந்தக் கல்லும் சொல்லாது. ஆனால் 'இந்த மீன் அந்தப் பக்கமே வராது, அங்கே தண்ணீர் விடத் தேவையில்லை' என்று இனி யாராவது சொன்னால், அது உண்மையா இல்லையா என்று கடுகளவு கல்லை வைத்தே சரிபார்த்துவிடலாம்.